லோக்கல் பிளானில் உங்கள் பக்கத்து வயலா? ஆட்சேபம் எழுதும் முறை

இங்கிலாந்தில் வரும் ஆண்டுகளில் எங்கெங்கே வீடு கட்டலாம் என்று கவுன்சில் முன்கூட்டியே முடிவு செய்து வைக்கும் ஆவணம்தான் லோக்கல் பிளான். (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து முறைகள் வேறு.) உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் வயல் அதில் வீட்டுத் தளமாகக் குறிக்கப்பட்டிருந்தால், "பில்டர் விண்ணப்பம் போடட்டும், அப்போது பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள். பிளானில் ஏறிய இடத்தில் வீடு வரலாமா என்ற கேள்வி அநேகமாக முடிந்த கதை.

1. எந்தக் கட்டம் என்று பாருங்கள்

வழக்கமான முறையில் இரண்டு முக்கியக் கட்டங்கள். ரெகுலேஷன் 18 என்பது வரைவு நிலை. கவுன்சில் இன்னும் மனம் மாற்றிக்கொள்ளலாம், அதனால் ஒரு தளத்தை நீக்கவைக்க இதுவே நல்ல நேரம். ரெகுலேஷன் 19-இல் கவுன்சில் தன் இறுதி வடிவத்தை வெளியிட்டுக் குறைந்தது 6 வாரம் அவகாசம் தரும். அப்போது நீங்கள் எழுதுவதை அரசு நியமிக்கும் இன்ஸ்பெக்டர் பரிசீலிப்பார். முதல் கட்டத்தில் எழுதியதே போதும் என்று விட்டுவிடாதீர்கள், இரண்டாவதிலும் எழுத வேண்டும். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புதிய முறையும் வருகிறது. உங்கள் கவுன்சில் எந்த முறையில், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது அதன் லோக்கல் பிளான் கால அட்டவணையில் தெரியும்.

2. ஆதார ஆவணங்களைத் தோண்டுங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான். ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துக் கவுன்சிலின் நில மதிப்பீடு (விலை அல்ல, எந்த நிலம் வீடு கட்ட ஏற்றது என்பது), நிலைத்தன்மை மதிப்பீடு (சூழல், சமூகம், பொருளாதாரம் மீதான விளைவுகளை எடைபோடுவது), வெள்ள அபாய ஆய்வு, போக்குவரத்து ஆய்வு நான்கிலும் தேடுங்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். பயப்படாதீர்கள், உங்கள் எண் வரும் பக்கங்கள் போதும்.

அங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நேரில் இருப்பதற்கும் எழுதியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு. "பஸ் வசதி நன்று" என்று போட்டிருப்பார்கள். அந்த பஸ் எப்போதோ நிறுத்தப்பட்டிருக்கும். இரண்டாவது, நிராகரிக்கப்பட்ட தளங்கள். அதே குறைக்காக வேறொரு தளத்தைத் தள்ளிவிட்டு உங்கள் தளத்தை மட்டும் வைத்திருந்தால், அதுதான் உங்கள் கையில் இருக்கும் வலுவான துருப்பு. வெள்ளம் பற்றிச் சந்தேகம் இருந்தால் சுற்றுச்சூழல் முகமையின் வரைபடத்தையும் பாருங்கள். அபாயம் குறைந்த இடங்களை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பது தேசியக் கொள்கை. மழைநீர் தேங்குவதும் இதில் சேரும்.

3. எதை வைத்து வாதாடுவது?

இன்ஸ்பெக்டர் பிளானை நான்கு கேள்விகளால் சோதிப்பார்: பகுதியின் தேவையை நிறைவு செய்யும் நோக்கில் தயாரானதா? மாற்று வழிகளை எடைபோட்டு, ஆதாரத்தோடு முடிவெடுத்தார்களா? நடைமுறையில் நிறைவேறுமா? தேசியக் கொள்கையோடு ஒத்துப்போகிறதா? தளத்தேர்வை எதிர்ப்பவர்களுக்கு இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் கைகொடுக்கும். பாதை வேறொருவர் நிலத்தின் வழியே போக வேண்டியிருந்தால் மூன்றாவது.

வீட்டு விலை இறங்கும், ஜன்னல் காட்சி போகும் என்பதெல்லாம் எடுபடாது. "வெளியாட்கள் வந்துவிடுவார்கள்" என்ற தொனி வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட கடிதங்களைக் கவுன்சில்கள் ஒதுக்கிவிடும், அது சரியும்கூட. "இங்கே வீடே வேண்டாம்" என்பதும் பலவீனம்தான், ஏனென்றால் வீடுகளின் தேவையைக் கணக்கிட அரசே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது.

4. எழுதுங்கள்

எளிய ஆங்கிலம் போதும். தளத்தின் எண், பிளானில் அதைக் குறிக்கும் கொள்கையின் எண், குறை, அதற்கான ஆவணப் பக்கம், நீங்கள் கேட்கும் மாற்றம் என்று போங்கள். சாரம் இப்படி இருக்கலாம்:

"இந்தத் தளத்துக்கு ஒரே பாதைதான். அதன் அகலம் போதாது என்று போக்குவரத்து ஆய்வே சொல்கிறது. இதே காரணத்துக்காக இன்னொரு தளம் நிராகரிக்கப்பட்டது. எனவே இந்தத் தேர்வு நியாயப்படுத்தப்படவில்லை. இத்தளத்தை நீக்க வேண்டும்."

கடைசி வரியை மறக்காதீர்கள். நீக்கச் சொல்லலாம், வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லலாம், பாதை அமைத்த பிறகே கட்ட வேண்டும் என்று நிபந்தனையும் கேட்கலாம். அப்புறம், ஒரே கடிதத்தை ஊர் முழுக்க நகலெடுத்து அனுப்புவதில் பெரிய பயன் இல்லை. இன்ஸ்பெக்டர் தலை எண்ணுவதில்லை, வாதத்தைத்தான் பார்ப்பார்.

5. அனுப்புங்கள்

கடைசி நாளுக்கு முன் ஆன்லைனிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பெயர் இல்லாத கடிதம் பொதுவாக ஏற்கப்படாது. உங்கள் பெயரும் கருத்தும் பொதுவில் வெளியாகும். ரெகுலேஷன் 19 படிவத்தில், இன்ஸ்பெக்டர் பின்னர் நடத்தும் விசாரணையில் பேச விருப்பமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள். பிளானில் மாற்றம் கேட்டு எழுதியவருக்கு நேரில் பேசும் உரிமையை 2004-ஆம் ஆண்டுச் சட்டமே தருகிறது. அது கோர்ட் மாதிரி இருக்காது, மேசையைச் சுற்றி உட்கார்ந்து இன்ஸ்பெக்டரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான். வக்கீல் கட்டாயமில்லை.

விசாரணைக்குப் பிறகு பிளானில் பெரிய திருத்தங்கள் வந்தால், அவற்றின் மீது மட்டும் மீண்டும் கருத்து கேட்பார்கள். பிளானைக் கவுன்சில் முறைப்படி ஏற்றுக்கொண்ட பின், அதில் சட்டப்பிழை இருந்தால் 6 வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். செலவு அதிகம், ஆலோசனை இல்லாமல் இறங்காதீர்கள். தளம் தப்பவில்லை என்றாலும் கட்டுமான விண்ணப்பம் தனியாக வரும். அப்போது பாதை, வடிகால், உயரம், மரங்கள் பற்றி எழுத இன்னொரு வாய்ப்பு உண்டு.