குழந்தைக்குப் பொட்டாசியம் 7 என்று ரிப்போர்ட் வந்தால்

நைட் டியூட்டியில் லேபிலிருந்து போன் வருகிறது, குழந்தையின் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 7.2 மில்லிமோல், அதாவது ஆபத்தான அளவுக்கு அதிகம் என்று. உடனே குழந்தையை மானிட்டரில் போட்டு ஈசிஜி எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். குதிகாலைக் குத்திப் பிழிந்து எடுத்த சாம்பிள் என்றால் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும், அதனால் பிழியாமல் ரத்தக் குழாயிலிருந்து (வெயின்) மறுபடி எடுத்து அனுப்ப வேண்டியதுதான். ஆனால் ஈசிஜியில் டி அலை கூடாரம் மாதிரி கூராக நிமிர்ந்து நிற்கிறது, பி அலை படுத்துவிட்டது, கியூஆர்எஸ் அகன்றுவிட்டது என்றால் இரண்டாவது ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவே கூடாது.

10 சதவீத கால்சியம் குளுக்கோனேட், கிலோவுக்கு 0.5 மி.லி., 5 முதல் 10 நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக. அதற்கு முன் சலைன் விட்டு லைன் சரியாகப் போகிறதா என்று தொட்டுப் பாருங்கள். கால்சியம் வெளியே கசிந்தால் அந்தப் பிஞ்சுக் கையில் தோல் வெந்து புண்ணாகிவிடும். ஒரு கண் மானிட்டரிலேயே இருக்கட்டும், துடிப்பு குறைந்தால் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் கூரான அலை அடங்குவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள், கால்சியம் பொட்டாசியத்தை ஒரு துளிகூடக் குறைக்காது, இதயத்தை அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம் காத்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

அந்த நேரத்துக்குள் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ள வேண்டும். சால்பியூட்டமால் நெபுலைசர் வைத்துவிடுங்கள், சின்னக் குழந்தைக்கு 2.5 மி.கி., பெரிய பிள்ளைக்கு 5. கூடவே ரெகுலர் இன்சுலின் கிலோவுக்கு 0.1 யூனிட், 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 5 மி.லி.யோடு அரை மணி நேரத்தில். சர்க்கரையை முதலில் அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு மணிக்கு ஒரு தடவை, ஆறு மணி நேரமாவது பாருங்கள், தாழ்சர்க்கரை சத்தமில்லாமல் வரும். பைகார்பனேட் ரத்தத்தில் அமிலம் கூடியிருந்தால் மட்டும், அதுவும் கால்சியம் போகும் லைனில் கலக்காமல்.

இதெல்லாம் இடம் மாற்றும் வேலை, உடம்பை விட்டு வெளியேற்றுவது வேறு. சிறுநீர் வந்தால் அதைப் பெருக்கும் ஃபுரோசமைடு, வராவிட்டால் டயாலிசிஸ் உள்ள இடத்துக்கு அப்போதே போன் செய்யுங்கள், கைக்குழந்தைக்கும் வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்ய முடியும். பொட்டாசியம் கலந்த ட்ரிப், பொட்டாசியத்தை ஏற்றிவிடும் ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில் போன்ற மருந்துகள் எதுவும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று சார்ட்டைப் புரட்டுங்கள்.

பிறந்து இரண்டு வாரமான குழந்தை, வாந்தி, எடை ஏறவில்லை, சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம் என்றால் அட்ரினல் சுரப்பிக் குறைபாட்டை நினையுங்கள். பிறப்புறுப்பில் வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள், ஆண் குழந்தையாக இருந்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாமலே போகலாம். ஹார்மோன் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்து வைத்துவிட்டு சலைனும் ஹைட்ரோகார்ட்டிசோனும் கொடுங்கள், ரிசல்ட் வரட்டும் என்று நிறுத்தி வைக்காதீர்கள்.

சிறுநீரகக் கோளாறுள்ள பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது அம்மாவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து பேசுங்கள். உடம்புக்குக் குளிர்ச்சி என்று பாசத்தோடு கொடுக்கும் இளநீரிலும், நல்லது என்று வாங்கும் லோ சோடியம் உப்பிலும் பொட்டாசியம் ஏராளம்.