படித்த பக்கம் ஓராண்டு கழித்தும் கைக்குக் கிடைக்க

உலாவியில் ஒரு வலைப்பக்கத்துக்குப் புத்தகக்குறி போட்டதும் அந்தப் பக்கம் நம்மிடம் வந்துவிட்டதாக ஒரு நிம்மதி வரும். வந்தது முகவரி மட்டும்தான். பக்கம் இன்னும் வேறொருவரின் சர்வரில் இருக்கிறது. அவர் டொமைனைப் புதுப்பிக்க மறந்தாலும் சரி, தளத்தைப் புது மென்பொருளுக்கு மாற்றினாலும் சரி, நம் குறி போய்ச் சேர இடமிருக்காது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் திறக்க முடியாதவையாகிவிட்டன. மேற்கோளுக்குப் பேர்போன ஆங்கில விக்கிப்பீடியாவிலேயே பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் மேற்கோள்களில் ஒரு செத்த இணைப்பாவது இருந்ததாம்.

பக்கமும் உயிரோடு இருந்து, குறியும் இருந்து, தேடினால் மட்டும் அகப்படாமல் போவது இன்னும் அடிக்கடி நடப்பது. 'பயனுள்ளவை' என்று பெயரிட்ட ஃபோல்டரில் எண்ணூறு குறிகள் கிடந்தால் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுவது? அதனால் நல்ல பக்கம் ஒன்று கண்ணில் பட்டால் மூன்றைச் சேர்த்து வையுங்கள்: துடைத்த முகவரி, பக்கத்தின் நகல், பின்னாளில் நீங்கள் தேடப்போகும் சொற்களில் ஒரு வரி. மூன்றாவதற்குத்தான் சோம்பல் வரும். கைகொடுப்பதும் அதுதான்.

முகவரியைத் துடைப்பது

சமூக ஊடகத்திலோ மின்மடலிலோ வந்த இணைப்பைச் சொடுக்கிப் போனால், முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் அதன்பின் நீளமான வாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். 'utm' என்று தொடங்குபவை, 'fbclid', 'gclid' போன்றவை எல்லாம் நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று தளத்துக்குச் சொல்லும் ஒற்றுத் துண்டுகள். அவற்றை அழித்துவிட்டு என்டர் தட்டுங்கள். அதே பக்கம் திறந்தால் அந்தச் சுருக்கமான முகவரியைச் சேமியுங்கள். ஆனால் கேள்விக்குறியைக் கண்டதும் எல்லாவற்றையும் வெட்டக் கூடாது. யூடியூபில் காணொளியின் அடையாளமே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை வெட்டினால் முகப்புப் பக்கம்தான் வரும். பழைய உரையாடல் மன்றங்கள் பலவும் அப்படித்தான். வெட்டியபின் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்வது அதற்காகவே.

சுருக்கு இணைப்புகளை அப்படியே சேமிக்கவே வேண்டாம். திறந்து, கடைசியாக வந்து நிற்கும் முகவரியை எடுங்கள். கூகுளின் சுருக்கு இணைப்புச் சேவை 2019-இலேயே புது இணைப்பு தருவதை நிறுத்திவிட்டது. சுருக்கித் தருபவர் கடையை மூடினால், அசல் பக்கம் உயிரோடு இருந்தும் பயனில்லை.

தமிழ்த் தலைப்புள்ள பக்கங்களில் வேறொரு தொல்லை. உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழாகத் தெரிவது, நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட சரமாகிவிடும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும், முகவரியில் ஒரு பைட் 3 எழுத்துகளாக விரியும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். அந்த ஒரு சொல்லே 45 எழுத்தாகும். முகவரி கெட்டுப்போகவில்லை, வேலை செய்யும். ஆனால் மின்மடலிலும் அரட்டைச் செயலிகளிலும் இவ்வளவு நீளமான முகவரி பாதியில் முறியலாம். அந்தத் தளமே குறுகிய நிரந்தர இணைப்பு தந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நகல் எடுப்பது

கணினியில் கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தி 'முழு வலைப்பக்கம்' என்று சேமித்தால் ஓர் எச்டிஎம்எல் கோப்பும், படங்கள் கொண்ட ஒரு ஃபோல்டரும் கிடைக்கும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போனால் படங்கள் இருந்த இடம் வெறும் கட்டமாக நிற்கும். இந்த வம்பே வேண்டாம் என்றால் சிங்கிள்ஃபைல் என்ற உலாவி நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) நிறுவுங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றுக்கும் கிடைக்கிறது. படங்கள், எழுத்துரு, வடிவமைப்பு எல்லாவற்றையும் ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் அடைத்துவிடும். படங்கள் எழுத்து வடிவில் மாற்றி உள்ளே வைக்கப்படுவதால் அவை மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் பிடிக்கும். அது பெரிய விலையில்லை.

சேமிக்கும் முன் பக்கத்தைக் கடைசி வரை ஒருமுறை உருட்டுங்கள். இப்போது பெரும்பாலான தளங்கள், வாசகர் அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் படத்தை இறக்குகின்றன. உருட்டாமல் சேமித்தால், நமக்கு வேண்டிய வரைபடம் இருக்கும் இடத்தில் மங்கலான ஒரு சதுரம் மட்டும் இருக்கக்கூடும். 'மேலும் காட்டு' என்று மடித்து வைத்த பகுதிகளையும் விரித்துவிடுங்கள்.

சேமித்தாயிற்றா? வைஃபையை அணைத்துவிட்டு அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். இணையம் இருக்கும்போது திறந்தால் விட்டுப்போன படங்களை உலாவி அசல் தளத்திலிருந்தே இழுத்துக் காட்டிவிடும்; நகல் ஓட்டையாக இருப்பது தெரியவே தெரியாது.

பிடிஎஃப் ஆகச் சேமிப்பது பலருக்குப் பழக்கம். அச்சிட வேண்டும், யாருக்காவது அனுப்ப வேண்டும் என்றால் சரிதான். முதலில் கட்டுரையை மட்டும் காட்டும் உலாவியின் வாசிப்பு முறைக்கு மாற்றிக்கொண்டு அச்சிட்டால் விளம்பரமும் பக்கப்பட்டையும் உதிர்ந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் விண்டோஸ் கணினி என்றால் எஃப்9 விசை போதும். ஆனால் தமிழ்ப் பக்கத்தைத் தேடுவதற்காக வைக்க நினைத்தால் பிடிஎஃப் வேண்டாம். பிடிஎஃப் கோப்பு சேமிப்பது எழுத்தின் உருவத்தை. உருவத்திலிருந்து எழுத்துக்குத் திரும்பும் அட்டவணை சரியாக அமையாவிட்டால், கண்ணுக்கு 'கொள்கை' என்று தெரிவதை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி வரும். தேடினால் கிடைக்காது. எச்டிஎம்எல்லில் அந்தத் தொல்லை இல்லை.

கைபேசியில், ஆண்ட்ராய்டு குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலில் இருக்கும் கீழ்நோக்கிய அம்புக்குறி பக்கத்தை அப்படியே இறக்கி வைக்கும். பயணத்தில் படிக்க அது போதும். நெடுநாள் சேமிப்புக்குக் கணினிதான் தோது.

பொது நகல் ஒன்று

இணைய ஆவணக் காப்பகம் 1996-இல் தொடங்கப்பட்டது. வலைப்பக்கங்களின் பழைய நகல்களைக் காட்டும் அதன் வேபேக் மெஷின் 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்தத் தளத்தில் 'பக்கத்தை இப்போதே சேமி' என்ற பெட்டியில் முகவரியை ஒட்டினால் சில நொடிகளில், சில நேரம் ஓரிரு நிமிடங்களில், ஒரு நிரந்தர நகல் முகவரி கிடைக்கும். அதன் நடுவே வரும் 14 இலக்க எண் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் நகலெடுத்த நேரத்தைச் சொல்லும். உலகப் பொது நேரத்தில் இருக்கும் என்பதால் நாள் ஒன்று முன்பின் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

பழைய நகல் தேடும்போது நாட்காட்டியில் வட்டங்கள் தெரியும். நீலம் என்றால் பக்கம் ஒழுங்காகக் கிடைத்த நாள். பச்சை, வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டது. ஆரஞ்சு, 'பக்கம் இல்லை' போன்ற பிழை. சிவப்பு, சர்வரே தடுமாறிய நாள். நீலத்தை மட்டும் சொடுக்கினால் நேரம் மிச்சம்.

உள்நுழைந்து படிக்கும் பக்கங்கள் இதில் சிக்காது. ஸ்கிரிப்ட் ஓடினால்தான் உருவாகும் பக்கங்கள் அரைகுறையாகச் சிக்கலாம். இன்னொன்றில் கவனம் தேவை: இங்கே சேமிப்பது எல்லோருக்கும் தெரியும். 'இணைப்பு உள்ளவர்கள் யாரும் பார்க்கலாம்' என்று பகிரப்பட்ட ஆவணத்தின் முகவரியை இங்கே கொடுத்தால், அந்த ரகசிய இணைப்பை நீங்களே ஊரறியச் செய்தவராவீர்கள்.

அந்த ஒரு வரி

ஒரே ஓர் எளிய உரைக் கோப்பு. செயலி வேண்டாம், கணக்கு வேண்டாம். ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு வரி, இப்படி:

2025-03-14 | வைஃபை வேகம் குறைந்தால் சேனல் மாற்றுவது, ரவுட்டர் ரூட்டர் திசைவி | 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஒன்றின்மேல் ஒன்று ஏறாது | முகவரி | நகல் கோப்பின் பெயர்

நாளை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதினால் வரிசைப்படுத்துவது தானாக நடக்கும். இரண்டாவது பகுதியில் பக்கத்தின் தலைப்பை ஒட்டாதீர்கள். தலைப்பு எழுதியவரின் சொல். ஓராண்டு கழித்து உங்களுக்கு நினைவிருக்கப்போவது சிக்கல்: 'வேகம் குறைந்தால்', 'அச்சு மங்கலாக வந்தால்', 'சத்தம் வரவில்லை என்றால்'. அதை எழுதுங்கள். ஒரே பொருளுக்குத் தமிழில் மூன்று எழுத்துக்கூட்டல் புழங்குவதால் மூன்றையும் போட்டுவிடுவது நல்லது. எதைத் தட்டினாலும் வரி வரும். மூன்றாவது பகுதியில் பக்கத்தின் சாரத்தை அரை வரியில் எழுதினால், பாதி நேரம் பக்கத்தைத் திறக்கும் தேவையே இருக்காது. காணொளி என்றால் எந்த நிமிடத்தில் விஷயம் வருகிறது என்று கட்டாயம் குறியுங்கள். நாற்பது நிமிடப் படத்தை இரண்டு வரித் தகவலுக்காக மறுபடி ஓட்டுவது தண்டனை.

கண்முன்னே சொல் இருந்தும் தேடல் 'இல்லை' என்று சொன்னால் எழுத்தின் குறியீட்டைச் சந்தேகியுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் சில எடிட்டர்கள் இரண்டையும் வெவ்வேறாகவே பார்க்கும். ஔகாரத்தில் இன்னும் மோசம்: 'மௌனம்' என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டியவர்கள் நிறைய. வேறு தளத்திலிருந்து ஒட்டிய சொல்லை அழித்துவிட்டு உங்கள் விசைப்பலகையிலேயே தட்டிவிட்டால் இது தீரும்.

அரட்டைச் செயலியில் தனக்குத்தானே இணைப்பு அனுப்பிக்கொள்வது வழியில் பிடித்துப்போட நல்ல ஏற்பாடு. வாரம் ஒருமுறை அங்கிருந்து இந்தக் கோப்புக்கு மாற்றாவிட்டால் அது குப்பைத்தொட்டி.

உலாவிக்குள்ளேயே தேடுவது

ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் * போட்டு ஓர் இடைவெளி விட்டுச் சொல்லைத் தட்டினால் புத்தகக்குறிகளில் மட்டும் தேடும். ^ போட்டால் பார்த்த வரலாற்றில், % போட்டால் திறந்திருக்கும் தாவல்களில், + போட்டால் குறிச்சொற்களில். குரோமில் @ குறியைத் தட்டினால் புத்தகக்குறி, வரலாறு, தாவல் என்ற தேர்வுகள் கீழே விரியும். குரோம் கணினியில் வைத்திருக்கும் வரலாறு 90 நாளுக்குத்தான். போன ஆண்டு பார்த்ததை அங்கே தேடுவது வீண்.

நல்ல தளங்கள் தாமே வந்து சேர

தளத்தின் புதுப் பதிவுகளை 'ஓடை'யாக நம்மிடம் கொண்டுவரும் முறை ஆர்எஸ்எஸ். 1999-இல் வந்த அது இன்னும் ஓடுகிறது, அல்காரிதம் எதையும் ஒளித்து வைக்காமல். ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஓடை வாசிப்பான் எதிலும், ஏன், தண்டர்பேர்ட் மின்மடல் நிரலிலும் ஓடையைச் சேர்க்கலாம். பெரும்பாலும் தளத்தின் முகவரியை ஒட்டினால் போதும், ஓடையை வாசிப்பானே தேடிக்கொள்ளும். கிடைக்கவில்லையா? வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். அதுவும் இல்லை என்றால் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து 'rss' அல்லது 'atom' என்று தேடுங்கள்.

வேர்ட்பிரஸ் ஓடை, மாற்றாத வரை, கடைசி 10 பதிவுகளை மட்டுமே தரும். இன்று சேர்ந்தால் பழையவை வராது. செய்தித் தளங்களைச் சேர்க்காதீர்கள். ஒரே நாளில் நூறு தலைப்பு வந்து, மாதம் இருமுறை எழுதும் அருமையான ஆள் அடியில் போய்விடுவார். ஓடைக்காகவே வாசிப்பான் வைத்திருக்கிறோம் என்றால் அது அந்த மாதம் இருமுறை ஆளுக்காகத்தான்.

மூடப்படும் முன் எடுத்து வைப்பது

ஓடை வாசிப்பானான கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டது. பக்கங்களைப் பிறகு படிக்கச் சேமித்து வைக்கும் மொசில்லாவின் பாக்கெட் 2025 ஜூலை 8-இல். எந்தச் சேவையில் சேரும் முன்னும் 'ஏற்றுமதி' பொத்தான் எங்கே என்று பார்த்துவிடுங்கள். ஓடைப் பட்டியல் ஓபிஎம்எல் கோப்பாகவும், புத்தகக்குறிகள் எச்டிஎம்எல் கோப்பாகவும் வெளியே வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் எடுத்து, உரைக் கோப்போடும் நகல்களோடும் ஒரு வெளி டிஸ்கில் போடுங்கள். உலாவியின் ஒத்திசைவைக் காப்பு நகல் என்று நம்ப வேண்டாம். கைபேசியில் ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால், ஒத்திசைவு அதைக் கடமை தவறாமல் கணினியிலும் அழித்துவிடும்.

ஏற்கெனவே செத்த இணைப்பு என்றால்

முகவரியை வேபேக் மெஷினில் கொடுத்துப் பாருங்கள். முன்பு கூகுள் தேடல் முடிவிலேயே சேமித்த நகல் கிடைக்கும்; 2024-இல் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது. காப்பகத்திலும் இல்லை என்றால் முகவரியின் வாலைக் கடைசி சாய்கோடு வரை வெட்டுங்கள், பிறகு அதற்கு முந்தைய சாய்கோடு வரை. தளம் இடம் மாற்றி வைத்த கட்டுரை இப்படி மேல்நிலைப் பக்கத்தில் அகப்படுவதுண்டு. பக்கத்திலிருந்து நினைவிருக்கும் ஒரு வரியை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடினால், அதே எழுத்தாளரின் புதுத் தளத்தில் கிடைக்க வாய்ப்புண்டு. கிடைத்த உடனே நகலெடுத்து, உரைக் கோப்பில் அதற்குரிய வரியின் முகவரியை மாற்றுங்கள். செத்த முகவரியையும் அழிக்காமல் பக்கத்தில் விட்டுவையுங்கள், வேபேக்கில் அந்தப் பக்கத்தின் பழைய வடிவங்களைத் தேட அதுதான் சாவி.