பாஸ்வேர்டில் @ இருந்தால்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ராத்திரியில் தானாக ஃபைல் அனுப்பும் ஸ்கிரிப்ட், பாஸ்வேர்டை மாற்றியதும் படுத்துவிட்டதா? புது பாஸ்வேர்டில் @ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஸ்எஃப்டிபி (ஃபைலைப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) முகவரிக்குள்ளேயே பாஸ்வேர்டை எழுதினால், அதை அடுத்து @ வரும்; அந்தக் குறிக்குப் பின்னால் வருவதுதான் சர்வர் பெயர். பாஸ்வேர்டிலும் அது இருந்தால் குழப்பம்தான். அதனால் பாஸ்வேர்டுக்குள் மட்டும் @ இடத்தில் %40, # இடத்தில் %23, % இடத்தில் %25 என்று போடுங்கள்.

விண்டோஸ் பேட்ச் ஃபைலுக்குள் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஃபைல்) எழுதினால் இன்னொரு வில்லங்கம். அங்கே % குறியை இரட்டிக்க வேண்டும், அதாவது %%40. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். லினக்ஸ் என்றால் முகவரி முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள், பாஸ்வேர்டில் $ இருந்தாலும் தொல்லை தராது. லாகின் பெட்டியில் கையால் அடிக்கும்போது மட்டும் அசல் பாஸ்வேர்டையே அடியுங்கள்.