பேசாத பிள்ளைக்குப் புதுநன்மை: பங்கில் செய்ய வேண்டியவை

“அவன் சம்மனசு (தேவதூதர்) மாதிரி, அவனுக்கு எதுக்கு நன்மை?” ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைக்குப் புதுநன்மை, அதாவது முதல் முறையாக நற்கருணை (திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக வழங்கப்படும் அப்பம்) கொடுக்கலாம் என்றால், தாய் பங்குக் கோயிலில் சொல்லும் அன்பான மறுப்பு இது. திருச்சபைச் சட்டம் வேறு சொல்கிறது. திருமுழுக்குப் பெற்று, சட்டத் தடை இல்லாத எவரையும் நற்கருணைக்கு அனுமதிக்க வேண்டும் (சட்ட எண் 912). குறைபாடு உள்ளவர்களுக்கும் அவரவர் நிலைக்கேற்ற மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை (சட்ட எண் 777). நற்கருணை சாதாரண உணவல்ல என்று பிள்ளை அறிந்தால் போதும், அதைச் சைகையாலோ பயபக்தியான அமைதியாலோ காட்டலாம் என்று அமெரிக்க ஆயர் பேரவை 1995இலேயே வழிகாட்டியது. ஆகவே விசுவாசப் பிரமாணத்தை (நம்பிக்கை அறிக்கைச் செபத்தை) ஒப்பிக்கச் சொல்லித் தேர்வு வைக்காதீர்கள்.

பெரும்பாலும் சிக்கல் வருவது அறிவில் அல்ல, வாயில். அப்பம் உலர்ந்தது, சுவையற்றது, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பழகாத பிள்ளை துப்பிவிடும். எனவே இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். நற்கருணையாக்கப்படாத வெறும் அப்பத்தைப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கி, முதலில் கையில் கொடுங்கள். தொடட்டும், முகரட்டும். அடுத்த வாரம் நகத்தளவு துண்டு, உடனே ஒரு மிடறு தண்ணீர். பிறகு கால் பங்கு. முழு அப்பம் வரை போக வேண்டிய கட்டாயமே இல்லை. சிறு துணுக்கிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார். திடப்பொருளை விழுங்கவே முடியாதவருக்குத் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் கொடுக்கச் சட்டம் 925 இடம் தருகிறது. அன்றைக்குத் துப்பிவிட்டால்? பெற்றோர் பதறாமல் கையில் எடுத்துக் குருவிடம் கொடுக்கட்டும். இதை முன்கூட்டியே பேசிவைத்தால் கோயிலில் யாரும் முகம் சுளிக்க நேராது. வலிப்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம்: மருந்தும் தண்ணீரும் நன்மைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பை முறிப்பதில்லை.

பாடத்துக்கு வாரம் 20 நிமிடம் போதும். படங்கள் உங்கள் கோயிலுடையதாகவே இருக்கட்டும்: வாசல், தீர்த்தத் தொட்டி, பீடம், உங்கள் ஃபாதரின் முகம், வரிசை, நீட்டிய கை. எட்டுப் பத்துப் படங்களைத் திருப்பலி நடக்கும் வரிசையில் ஒட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஆளில்லாத நேரத்தில் கோயிலுக்கு அழைத்து வந்து, அதே வரிசையில் நடந்து பழக்குங்கள். “ஆமென்” வராவிட்டால் தலையசைப்பு போதும்.

எழுந்தேற்ற மணி (குரு அப்பத்தை உயர்த்தும்போது அடிப்பது), ஸ்பீக்கர், சாம்பிராணிப் புகை மூன்றும் பலருக்குத் தாங்காது. ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள். பக்கவாசல் அருகே ஓரத்து இடம் நல்லது. பீடம் தெரியாவிட்டால்தான் அமைதி இழக்கும் பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கு முன்வரிசை. வரிசையில் காத்திருப்பதே பெரிய ஆபத்து என்பதால் முதல் ஆளாக நிறுத்துங்கள், அல்லது இருக்கைக்கே நற்கருணை வரட்டும். கஞ்சி போட்ட லேஸ் உடையும் தலைக் கிரீடமும் உறுத்தும். நாலைந்து முறை துவைத்த வெள்ளைப் பருத்தி போதும். போட்டோக்காரர் ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது.

பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது)? நன்மை தீமை பிரித்தறியும் பிள்ளைக்கு நேருக்கு நேர் உட்கார்ந்து, இரண்டு மூன்று படங்களைச் சுட்டிக்காட்டச் செய்தால் போதும். பிரித்தறிய இயலாத பிள்ளைக்கு அந்தக் கடமை இல்லை.

முப்பது வயதுக்காரரை ஒன்றாம் வகுப்பு மறைக்கல்வியில் உட்கார வைக்காதீர்கள். பாடம் எளிமையாக இருக்கலாம், ஆனால் பேச்சும் மரியாதையும் வயதுக்கேற்ப வேண்டும். நன்மை வாங்கியதோடு அவரை மறந்துவிடாமல், காணிக்கைப் பவனியில் அப்பத்தட்டு ஏந்துவதையோ பாட்டுப் புத்தகம் கொடுப்பதையோ நிரந்தரமாக அவர் பெயரில் எழுதுங்கள். அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிப்பது) அவர் வீட்டிலும் முறைப்படி நடக்கட்டும். திருவிழாக் கொடியேற்றத்தில் எத்தனை மணிக்கு வெடி போடுவார்கள் என்பதைக் குடும்பத்துக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.