அறிவுரையை அடக்கிக்கொண்டு கவுன்சலிங் செய்வது எப்படி

வேலூர்ப் பக்கம் பிள்ளையைக் கவுன்சலிங்குக்குக் கூட்டி வரும் பெற்றோர் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்: "கொஞ்சம் புத்தி சொல்லுங்க மேடம்." அந்தப் பிள்ளைக்கு வீட்டில், பள்ளியில், டியூஷனில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் என்று எல்லா இடத்திலும் புத்தி சொல்லியாகிவிட்டது. இன்னொருவரும் அதையே சொன்னால் வாய் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். வந்தவரை மையமாக வைக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலிருந்து வளர்த்தெடுத்தார். ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை என்று 1957இல் அவர் எழுதியவை மூன்று: வந்தவரை நிபந்தனை இல்லாமல் மதிப்பது, அவர் நிற்கும் இடத்திலிருந்து விஷயத்தைப் புரிந்துகொள்வது, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று நடிக்காமல் இருப்பது. அறைக்குள் இவற்றைச் செய்யப் பழக்கம் வேண்டும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காராதீர்கள். இரண்டு நாற்காலிகளையும் சற்றுச் சாய்வாகப் போட்டால், பேசுபவர் வேண்டும்போது உங்களைப் பார்க்கலாம், வேண்டாதபோது ஜன்னலைப் பார்க்கலாம். கடிகாரம் அவருக்குப் பின்னால் உள்ள சுவரில் இருக்கட்டும்; நீங்கள் கையைத் திருப்பி வாட்ச் பார்த்த கணமே பேச்சு சுருங்கிவிடும். உள்ளே பேசுவது வெளியே உட்கார்ந்திருக்கும் அத்தைக்குக் கேட்கிறதா என்று நீங்களே ஒருமுறை வெளியே நின்று சோதித்துப் பாருங்கள். கேட்டால் கதவருகே ஒரு டேபிள் ஃபேனை ஓடவிடுங்கள்.

பதின்வயதினரோடு முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் பத்து, பதினைந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து. அப்போது பெற்றோர் குற்றப் பட்டியல் வாசிக்க ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தி, பிள்ளை பக்கம் திரும்பி, "இதைக் கேட்கறப்ப உனக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பிறகு பிள்ளையோடு தனியாக முப்பத்தைந்து நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்துக்குப் பெற்றோரை மறுபடி அழைக்குமுன், "அவங்ககிட்ட எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வருவதும் வராததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

ரகசியத்தின் எல்லையை அவர்கள் பேசத் தொடங்குமுன்பே, பெற்றோர் முன்னிலையிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது வெளியே போகாது. தன் உயிருக்கு ஆபத்து, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து, 18 வயது நிறையாதவர் மீது பாலியல் குற்றம் ஆகியவை மட்டும் விலக்கு. மூன்றாவதைப் போலீஸுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு. 17 வயதுப் பெண் விருப்பப்பட்டுப் பழகியதாகச் சொன்னாலும் சட்டம் அந்தச் சம்மதத்தை ஏற்பதில்லை. எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இதைச் சொன்னால், அவள் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பாள். இன்னொன்று: வேலூர் சின்ன ஊர். "லாங்கு பஜாரில் பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன். நீ பேசினால் பேசுவேன்" என்றும் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.

இனி, கேட்பது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஒரு பையன் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "மார்க் வந்ததுல இருந்து எங்கப்பா எங்கிட்ட பேசறதே இல்ல. எதுவா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லித்தான் சொல்லச் சொல்றாரு."

"அப்பாவுக்கு உன் மேல அக்கறைதாம்பா" என்று நாக்கு நுனி வரை வரும். அங்கேயே நிறுத்துங்கள். அது அப்பாவின் வக்கீலாகப் பேசுவது. "ஏன் மார்க் குறைஞ்சுது?" என்பது விசாரணை. அவன் சொன்னதை உங்களுக்குப் புரிந்த அளவில் திருப்பிச் சொல்லுங்கள்: "ஒரே வீட்டுல இருந்தும், நீ அங்க இல்லாத மாதிரி நடந்துக்கறாரு." அவன் யோசித்து, "இல்லாத மாதிரி இல்ல மேடம். பாரமா கீற மாதிரி" என்பான். நீங்கள் சொன்னது தப்பாகிவிட்டது, ஆனால் அதனால்தான் சரியான சொல் அவன் வாயிலிருந்து வந்தது. "பாரம்" என்று அவன் சொன்னால் நீங்களும் "பாரம்" என்றே சொல்லுங்கள், "மன அழுத்தம்" என்று மாற்றாதீர்கள். பிறகு சும்மா இருங்கள். பத்து, பதினைந்து விநாடி மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். அதற்குள் அவன் மூச்சு மாறும், கை சட்டை பட்டனைத் திருகும், அடுத்த வாக்கியம் வரும்.

இதைப் புதிதாகப் பழகுபவர்கள் சொன்னதை அச்சடித்தாற்போல் ஒப்பிப்பார்கள். "அப்பா பேசறதில்லைன்னு சொல்ற" என்று நாலு முறை கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். சொல்லுக்குள் இருக்கும் வலியைத் தொட வேண்டும். தொட முடியவில்லை என்றால், "எனக்குச் சரியா புரியல, இன்னொரு தடவை சொல்றியா?" என்று உண்மையாகக் கேட்பதே மேல்.

பெரியவர்கள் வேறு வழியில் வருவார்கள். ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில், ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு வார நாளில் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும்; மாலையோ ஞாயிறோ நேரம் கொடுங்கள். முதல் நாலு சந்திப்பு வாரம் ஒன்று, பிறகு இடைவெளி விடலாம். "நெஞ்சு படபடங்குது", "தல பாரமா இருக்கு" என்று உடம்பிலிருந்துதான் பேச்சு தொடங்கும். அதை மனசு என்று அவசரப்பட்டு மாற்றாதீர்கள். தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தாயிற்றா என்று கேட்டு, இல்லையென்றால் டாக்டரிடம் அனுப்புங்கள். தர்காவுக்கோ கோயிலுக்கோ போய் மந்திரித்து வந்ததாகச் சொன்னால் முகம் சுளிக்காமல், அங்கே என்ன ஆறுதல் கிடைத்தது என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்தியிருந்தால் மட்டும் அதைத் தனியாகப் பேச வேண்டும்.

பெரியவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி: "நீங்களே சொல்லுங்க, அவரோட இருக்கட்டுமா, அம்மா வீட்டுக்குப் போயிடட்டுமா?" "முடிவு உங்களுடையது" என்று கைகழுவினால் கைவிட்டது போல் இருக்கும். "நான் ரெண்டுல எதைச் சொல்லிடுவேனோன்னு உங்களுக்குப் பயமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும்போது அவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அவருக்கே தெரியும். தகவல் என்பது வேறு, அதை மறைக்கக் கூடாது. அடி உதை இருந்தால் பெண்களுக்கான 181 உதவி எண்ணைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் மேற்பார்வை வேண்டும் என்பதையும் நேராகச் சொல்லுங்கள்.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பெரும்பாலும் கேட்டதே நிம்மதியாக இருக்கும். எப்படி என்று யோசித்தாரா, அது கையெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று வரிசையாகக் கேளுங்கள். அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து விவசாய வீடு என்றால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்பது வரை பேசுங்கள். அன்றே அதை வீட்டை விட்டு அகற்ற ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியலாம். கல்லீரல் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும், அதனால் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பதை வீட்டாருக்குச் சொல்லுங்கள். இரவில் தனியாகத் தவிக்கும்போது கூப்பிட, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ ஒரு சீட்டில் அவர் கையாலேயே எழுதவைத்து, பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள். திட்டமும் பொருளும் தயாராக இருந்தாலோ, யாருக்கும் கேட்காத குரல் கேட்டாலோ, தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் துடிப்பாக இருந்தாலோ மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. "என்னைத் தள்ளிவிடுகிறார்கள்" என்று அவரை நினைக்கவிடாதீர்கள். அங்கே பார்த்துக்கொண்டே உங்களிடமும் வரலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

நேரம் முடிந்து செருப்பை மாட்டும்போதுதான் சிலர் முக்கியமானதைச் சொல்வார்கள். உயிர் ஆபத்து என்றால் உட்காரவைத்துப் பேசுங்கள். மற்றபடி, "இது பெரிய விஷயம், அடுத்த தடவை இதுல இருந்தே ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி, குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு சந்திப்புக்கு நடுவில் அப்பா போன் செய்து, "பையன் இன்னா சொன்னான்?" என்று கேட்பார். "நீங்க போன் பண்ணினதை அவன்கிட்ட சொல்லட்டுமா? உங்களுக்குக் கேட்கணும்னு இருக்கறதை அடுத்த வாரம் மூணு பேரும் உட்கார்ந்து பேசலாம்" என்று பதில் சொல்லுங்கள். பிறகு மறக்காமல் பையனிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.