ரிப்பன் ட்வீட்டர்: பெட்டியில் பூட்டும் முன் சோதிப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் ரிப்பன் ட்வீட்டரை (மெல்லிய உலோகத் தாளை அதிரவைத்து உயர்ந்த ஒலிகளை எழுப்பும் ஸ்பீக்கர்) நேரில் கேட்டு வாங்கும் கடை கிடைப்பது அரிது. கூரியரில்தான் வரும். வந்ததும் சோதித்துவிட்டால், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பலகை அறுத்த பிறகு தலையில் கை வைக்க வேண்டியதில்லை.

தேவையானவை: மல்டிமீட்டர், 10 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், ஆம்ப்ளிஃபயர், லேப்டாப், அளவுத் திருத்தக் கோப்போடு (மைக்கின் பிழையைச் சரிசெய்யும் கோப்பு) வரும் அளவீட்டு மைக், ஆர்.இ.டபிள்யூ. (REW) என்னும் ஒலி அளவீட்டு மென்பொருள் (இலவசப் பதிப்பே போதும்).

1. முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். ரிப்பன் என்பது சில மைக்ரான் தடிமனே உள்ள, சுருக்கம் வைத்த அலுமினியத் தாள். தூசி இருக்கிறதே என்று வாயால் ஊதினால் அதோடு முடிந்தது. டார்ச் அடித்துப் பாருங்கள்: தாள் இரு காந்தங்களுக்கும் நட்டநடுவில், முறுக்கில்லாமல் இருக்க வேண்டும். இரும்புத்தூள் கிடக்கும் மேசையில் வைக்காதீர்கள். காந்தம் இழுத்துக்கொண்ட தூளை இடுக்கிலிருந்து எடுப்பது பெரும்பாடு. பிறகு கரகரவென்று இரையும்.

2. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ட்வீட்டரின் அளவிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம் ஏறக்குறைய சுழியம் என்றால் பழுது என்று பயப்பட வேண்டாம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள அசல் ரிப்பன் அது. 3 முதல் 7 ஓம் காட்டினால் பெரும்பாலும் பிளேனர்: பிளாஸ்டிக் படலத்தில் மின்தடம் பதித்த வகை. ‘ரிப்பன்’ என்ற பெயரில் இதையும் விற்கிறார்கள். பிளேனர் மட்டமான சரக்கு அல்ல, ஆனால் என்ன வாங்கினோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

3. கெப்பாசிட்டரைத் தொடராக இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரைத் தொடவே கூடாது. நேர்மின்சாரத்துக்கும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் போலத்தான் தெரியும்; ஆம்ப்ளிஃபயரைப் போடும்போது வரும் ‘டப்’ ஒன்றே தாளைக் கிழிக்கப் போதும். 8 ஓம் சுமையில் 10 மைக்ரோஃபாரட், சுமார் 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துக்கொண்டே போகும். இது சோதனைக்கான காப்பு மட்டுமே, கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும் சுற்று) அல்ல.

4. ட்வீட்டரைக் கழற்றிவிட்டு, 100 ஹெர்ட்ஸ் தொனியில் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை 1 வோல்ட்டுக்கு வையுங்கள். மலிவான மல்டிமீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்ணில் ஏமாற்றும், அதனால்தான் 100. தொனியை நிறுத்தி ட்வீட்டரை மாட்டுங்கள். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் ட்வீட்டர், அதே உயரத்தில் 1 மீட்டர் தள்ளி மைக். தரையில் பட்டு வரும் ஒலி சுமார் 3.6 மில்லிசெகண்ட் பிந்தி வரும். மென்பொருளில் அதற்கு முன்பே வெட்டிவிட்டால் அறையின் குழப்பம் பெருமளவு நீங்கும். சுவரும் அலமாரியும் தரையைவிடத் தள்ளி இருக்கட்டும். 1.5 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுக்கு ஏறிக்கொண்டே போகும் தொனி) ஓட்டுங்கள். ஜிங்க் கூரையில் மழை கொட்டும்போது அளக்க வேண்டாம். அந்த இரைச்சல் சரியாக ட்வீட்டரின் வீச்சில்தான் விழும்.

இரண்டு ட்வீட்டர்களுக்கும் மென்பொருள் வரையும் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். 1 டெசிபெலுக்குள் ஒத்துப்போனால் நல்ல ஜோடி. 3 டெசிபெல் விலகினால் திருப்பி அனுப்பலாம், தயங்க வேண்டாம்.

5. இனிதான் முக்கியமான கட்டம். அதே முறையில் 2.83 வோல்ட் வைத்து மறுபடி ஓட்டி, மூன்றாம் ஹார்மோனிக்கை (கொடுத்த தொனியின் மூன்று மடங்கு அதிர்வெண்ணில் தலைகாட்டும் திரிபு) பாருங்கள். கீழே இறங்க இறங்க ஓரிடத்தில் அது திடீரென்று ஏறும். அந்த இடம் 2.5 கிலோஹெர்ட்ஸ் என்றால் கிராஸ்ஓவரை 3.5-இல் வையுங்கள், ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபெல் சரிவோடு. தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் ‘2 கிலோஹெர்ட்ஸ் முதல்’ என்று இருந்தாலும் உங்கள் அளவீட்டையே நம்புங்கள்.

6. மைக்கை 30 சென்டிமீட்டர் உயர்த்தி இன்னொரு முறை அளங்கள். 60 மில்லிமீட்டர் நீள ரிப்பனில் 15 கிலோஹெர்ட்ஸ் சுமார் 10 டெசிபெல் சரியும். பாய் விரித்து உட்கார்ந்து கேட்கிற வீட்டுக்கும் சோபா போட்ட வீட்டுக்கும் பெட்டியின் உயரம் ஒன்றாக இருக்க முடியாது என்பது இதிலேயே தெரிந்துவிடும். ரிப்பனைப் படுக்கவைத்துப் பொருத்தினால் இந்தச் சரிவு பக்கவாட்டுக்கு வந்துவிடும். நடுவில் இல்லாமல் பக்கமாக உட்கார்ந்தவருக்கு உயர்ந்த ஒலிகள் மங்கலாகத்தான் கேட்கும்.

ரப்பர் மரப் பலகையை அறுத்துத் தேய்த்து முடிக்கும்வரை ட்வீட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கட்டும். மூடியைப் படாரென்று திறக்காதீர்கள். இழுபடும் காற்றே தாளை நீட்டிவிடும்.