டெப்போடு பயிற்சிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி என்னுடையது அல்ல, இந்த வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தங்கச்சியுடையது. டெப்பை, அதாவது டேப்லெட் கணினியை, இரண்டு கையாலும் தூக்கிப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், யன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தீபம் காட்டுவதுபோல மண்டபத்தையே ஒரு சுற்றுச் சுற்றினாள். திரையில் வெறும் நீலம். வந்திருந்த பெண்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அதே தீபத்தை நானும் காட்டியிருக்கிறேன்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மாதர் சங்கங்களுக்கும் சிறு வியாபாரம் செய்கிறவர்களுக்கும் கணக்கெழுதப் பழக்குவது என் தொழில். லெப்டொப்பை விட்டு டெப்புக்கு மாறி ஏழு வருடம் ஆகிறது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம், கரண்ட் போனாலும் கவலையில்லை, கையில் பிடித்தபடியே ஆட்களுக்கு நடுவில் நடந்து பேசலாம். மாறியதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் முதல் இரண்டு வருடம் நான் செய்த பிழைகளைப் புதிதாக வருகிறவர்கள் வரிசை தவறாமல் திரும்பச் செய்கிறார்கள். சார்ஜ் போடாமல் போவது, கோப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு தடவை அடிபட்டால் அவை தானாகத் திருந்தும். தானாகத் திருந்தாதவை சில இருக்கின்றன.

வயர்லெஸ் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது

புரொஜெக்டர் பெட்டியில் 'வயர்லெஸ்' என்று எழுதியிருக்கும். டெப் பெட்டியிலும் எழுதியிருக்கும். இரண்டும் சந்தித்தால் பேசிக்கொள்ளும் என்று நம்பிப் போவோம். பேசிக்கொள்ளாது, ஏனென்றால் இதில் மூன்று பாஷை இருக்கிறது.

ஒன்று மிராகாஸ்ட். வைஃபை அலையன்ஸ் 2012-இல் கொண்டுவந்தது. டெப்பும் திரையும் நேரடியாகக் கைகோர்க்கும், நடுவில் ரவுட்டரோ இன்டர்நெட்டோ தேவையில்லை. சாம்சங் டெப்பில் இதை 'ஸ்மார்ட் வியூ' என்ற பெயரில் பார்ப்பீர்கள். இரண்டாவது ஆப்பிளின் ஏர்பிளே. ஐபேட்டுக்கு இது மட்டும்தான் தெரியும், மிராகாஸ்ட் தெரியாது. மூன்றாவது கூகுள் காஸ்ட். இதற்கு டெப்பும் திரையும் ஒரே வைஃபையில் இருந்தாக வேண்டும். அந்தத் தங்கச்சி கையில் இருந்தது ஐபேட், மண்டபத்துப் புரொஜெக்டர் மிராகாஸ்ட் மட்டும் தெரிந்தது. யன்னலுக்குப் பக்கத்தில் என்ன, கூரையில் ஏறி நின்றாலும் வந்திருக்காது.

இன்னொரு சங்கடம் விடுதிகளில் வரும். பாசிக்குடாவில் ஒரு விடுதியில் வைஃபை நல்ல வேகம். டெப்பும் அதில் இருக்கிறது, காஸ்ட் வாங்கும் கருவியும் அதில் இருக்கிறது, ஆனால் ஒன்றையொன்று காணவில்லை. விருந்தினர் ஒருவரின் கருவியை மற்றவரின் கருவி பார்க்காதபடி அங்கே தடுத்து வைத்திருக்கிறார்கள். அது பாதுகாப்புக்காகச் செய்வது, விடுதிக்காரரைக் குறை சொல்ல முடியாது. நான்தான் அரை மணித்தியாலம் டெப்பை அணைத்து அணைத்துப் போட்டேன்.

நான் இப்போது செய்வது இதுதான். மிராகாஸ்ட், ஏர்பிளே இரண்டையும் வாங்கக்கூடிய, புரொஜெக்டரின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் டொங்கிள் என்ற சின்னக் கருவி ஒன்று என் பையிலேயே இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுக்கத் தனி அடப்டரும் இருக்கிறது, ஏனென்றால் புரொஜெக்டரின் யூஎஸ்பி துளை கொடுக்கும் மின்சாரம் பல நேரம் போதாமல் டொங்கிள் அணைந்து அணைந்து எரியும். டெப்பும் டொங்கிளும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டிவந்தால் ஃபோனில் ஹொட்ஸ்பொட் போடுவேன். அதை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். மலிவான டொங்கிள்கள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது. நம் மண்டபங்களில் விஜிஏ என்ற பழைய வகைத் துளை மட்டுமுள்ள புரொஜெக்டர்கள் இன்னும் உயிரோடு இருப்பதால், எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் சின்ன மாற்றியும் ஒன்று.

பாமினியில் செய்த ஸ்லைடை டெப்பில் திறப்பது

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

டெப் வாங்கிய முதல் வருடம். வெல்லாவெளிப் பக்கம் ஒரு மாதர் சங்கத்துக்குப் பயிற்சி. குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி மண்டூரில் இறங்கிப் போனேன். நான்கு ஊர்களில் இருந்து பெண்கள் வந்திருந்தார்கள், அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு. முதல்நாள் இரவு ஸ்லைடுகளை லெப்டொப்பில் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து, டெப்புக்கு மாற்றியிருந்தேன். டொங்கிள் வேலை செய்தது. திரை வெளிச்சமாக வந்தது. முதல் ஸ்லைடின் தலைப்பு 'தமிழில் கணக்கு எழுதுவோம்'.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா மெதுவாக எழுத்துக்கூட்டினார். "ஜே... கே... பி..." பிறகு என்னைப் பார்த்தார். "இது என்ன மகன், புதுக் கட்சியா?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அதுவும் அப்படித்தான். அறுபத்திச்சொச்சம் ஸ்லைடும் அப்படித்தான். இலக்கங்கள் மட்டும் இலக்கங்களாக நின்றன. வரவு எது, செலவு எது என்று தெரியாமல் வெறும் தொகைகள் திரையில் தொங்கின. அரை மணித்தியாலம் வாயால் சொல்லிச் சமாளித்தேன், பிறகு முடியவில்லை. இன்னொரு நாள் வைப்பதாகச் சொல்லிக் கலைத்தோம். கூட்டிச் சென்ற அமைப்பு பாதிக் காசுதான் தந்தது. அடுத்த தடவை சாப்பாட்டுப் பார்சலும் வந்தவர்களின் பஸ் காசும் என் கையிலிருந்து போயின. அந்தப் பெண்களின் கூலி நாளுக்கு யார் கணக்குக் காட்டுவது?

என்ன நடந்தது என்றால், பாமினி என்பது தமிழ் எழுத்து அல்ல, தமிழ் எழுத்துப்போல உடுத்த ஆங்கில எழுத்து. 'த' என்று நாம் பார்ப்பது கோப்புக்குள்ளே 'ஜே' ஆகத்தான் கிடக்கிறது. 'ம' கிடப்பது 'கே' ஆக. புள்ளிக்கு அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அந்த உடுப்பு ஏறிவிடும், நமக்குத் தமிழாகத் தெரியும். டெப்பில் அந்த உடுப்பு இல்லை. ஆகவே உள்ளே இருப்பதை உள்ளபடி காட்டிவிட்டது. டெப்பில் எந்தப் பழுதும் இல்லை. யூனிகோட் அப்படி அல்ல. அதில் 'த' என்றால் 'த'வுக்கென்றே ஓர் எண் இருக்கிறது, எந்தக் கருவியில் திறந்தாலும் 'த'தான். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. அதற்குப் பிறகும் நாம் பாமினியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதனால்தான்: இந்தப் பிழை பரம்பரையாக வருகிறது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்குப் பாமினியில் ஒரு வரி தட்டத் தெரியாது. ஆனால் வேலையில் சேர்ந்ததும், முன்பு இருந்தவரின் ஸ்லைடுகளைப் பென்டிரைவில் கொடுத்து "இதையே பாவிங்க" என்கிறார்கள். அலுவலகக் கணினியில் திறந்தால் அழகாகத் தமிழ் தெரியும். சந்தேகம் வர வழியே இல்லை. மண்டபத்தில் நூறு கண்ணுக்கு முன்னால்தான் ஜே, கே, பி வரும்.

கண்டுபிடிக்கிற வழி ஒரு நிமிட வேலை. ஸ்லைடில் இருந்து ஒரு தமிழ்ச் சொல்லைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் யூனிகோட். ஆங்கிலக் குப்பையாக விழுந்தால் பாமினி, அல்லது அதன் சொந்தக்காரர் யாராவது.

பாமினி என்று தெரிந்தபின் ஆட்கள் செய்கிற வைத்தியங்களும் பிழைதான். சிலர் டெப்பிலேயே பாமினியை ஏற்றப் பார்க்கிறார்கள். ஏறினாலும் அந்த ஒரு டெப்பில்தான் தெரியும், பங்குபற்றியவர்களின் ஃபோனுக்கு அனுப்பியதும் மறுபடியும் கட்சி தொடங்கிவிடும். நான் ஒரு வருடம் ஒவ்வொரு ஸ்லைடையும் படமாக்கிக்கொண்டு திரிந்தேன். ஒரு விலையை மாற்ற வேண்டுமென்றாலும் முழுப் படத்தையும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அவசரத்துக்கு ஒரே வழி, பாமினி இருக்கும் கணினியில் வைத்தே பிடிஎஃப் ஆக்கிக்கொள்வது. எழுத்தின் வடிவம் கோப்போடு சேர்ந்து வரும், எங்கும் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தமிழில் தேட முடியாது, எடுத்து ஒட்டினாலும் ஆங்கிலக் குப்பைதான் விழும்.

முறையான வழி யூனிகோடுக்கு மாற்றுவதுதான். இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பந்தி பந்தியாக ஒட்டி மாற்றலாம். இங்கேதான் கணக்குக்காரர்களுக்கு இரண்டாவது குழி. பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் 'இ' இருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் தட்டிய 25,000 என்ற தொகை, மாற்றியின் வழியாகப் போனால் 25இ000 ஆக வெளியே வரும். நம் ஊர்ச் செய்தித் தளங்களிலும் அறிவித்தல்களிலும் இலக்கத்துக்கு நடுவே 'இ' நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது தட்டெழுத்துப் பிழை அல்ல, இந்தக் கூத்துத்தான். இடையிடையே ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களும் இதேபோல விளங்காத தமிழாக மாறும். அதனால் மாற்றிய பின் இலக்கங்களையும் ஆங்கிலப் பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். எழுத்து அகன்று வரிகள் பெட்டிக்கு வெளியே வழிந்தால் அளவை இரண்டு புள்ளி குறையுங்கள். எனக்கு அறுபது ஸ்லைடுக்கு இரண்டு இரவு போனது.

"அண்ணன், எனக்குப் பாமினித் தட்டச்சுத்தான் பழக்கம், இனி எப்படி மாறுவது?" என்று கேட்பவர்களும் உண்டு. விரல் மாற வேண்டியதில்லை. கணினியில் தமிழ் தட்ட உதவும் என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை இரண்டிலும் பாமினி விசைப்பலகை இருக்கிறது. நீங்கள் பழைய இடத்திலேயே தட்டலாம், விழுவது யூனிகோடாக விழும். டெப்பில் தட்டுவதென்றால் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்துவிட்டு, வாயாலேயே சொல்லிப் பாருங்கள். கூட்டக் குறிப்பின் முதல் வரைவை நான் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன். ஊர்ப்பெயர்களை அது கொலை செய்யும், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

துளை பொருந்தினால் படம் வரும் என்று நினைப்பது

வயர்லெஸ் கைவிட்டால் வயர் என்று யோசிப்பது நல்ல யோசனை. ஆனால் டைப்-சி துளை எல்லாம் படம் அனுப்பாது. மலிவான டெப்களில் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்புக்கும் மட்டும்தான். படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ளே இருந்தால்தான் எச்டிஎம்ஐ மாற்றி வேலை செய்யும், வெளியே பார்த்தால் இரண்டு துளையும் ஒன்றுபோலவே இருக்கும். சாம்சங்கில் டேப் ஏ வரிசையில் இதை எதிர்பார்க்க வேண்டாம். எஸ் வரிசையில் பலவற்றில் இருக்கிறது, ஆனால் எஸ்6 லைட் போன்றவை அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டும் தரமாட்டா. கடையில் வாங்கும்போதே மாற்றியைச் செருகி, அங்கே இருக்கும் டிவியில் படம் காட்டச் சொல்லுங்கள். "எல்லாம் வரும்" என்று வாயால் சொன்ன ஒரு கடைக்காரரை நம்பி நான் வாங்கிய மாற்றி இன்றும் மேசை லாச்சியில் கிடக்கிறது.

பெரிய திரை வாங்கிவிட்டு எக்செல் திருத்தப் பார்ப்பது

மைக்ரோசொஃப்டின் மொபைல் செயலிகள் 10.1 அங்குலம் வரையான திரையில்தான் இலவசமாகத் திருத்த விடும். அதற்கு மேல் சந்தா. 10.2 அங்குல ஐபேட் வாங்கிய நண்பர் ஒருவர் அந்தப் புள்ளி ஒன்றுக்காக இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

மெசேஜ் அறிவித்தல்களை நிறுத்தாமல் திரையைக் காட்டுவது

உங்கள் வீட்டுச் சண்டையை ஐம்பது பேர் வாசிப்பார்கள்.

கூகுள் டிரைவில் இருக்கிறதுதானே என்பது

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சிக்னல் கோட்டைத் தேடிப் பாருங்கள், தெரியும்.

கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே சார்ஜ் போட்டபடி காட்டுவது

ஐபேட்டுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப எல்லை 35 பாகை. கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் நம் ஊரில் அது வெளியிலேயே தாண்டிவிடும், தகரத்துக்குக் கீழே கேட்கவே வேண்டாம். திரையை அனுப்புவதே டெப்பைச் சூடாக்கும் வேலை, அதோடு சார்ஜும் சேர்ந்தால் முதலில் திரை மங்கும், பிறகு ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். காலையிலேயே நிறையச் சார்ஜோடு போய், காட்டும்போது வயரைக் கழற்றிவிடுங்கள். தடித்த உறை போட்டிருந்தால் அதையும். நின்றுவிட்டால் ஐஸ் தண்ணீர்ப் போத்தலோடு ஒட்டி வைக்க வேண்டாம், உள்ளே ஈரம் பிடிக்கும். நிழலில் பத்து நிமிடம் கிடந்தால் போதும், அந்த நேரத்தில் ஆட்களுக்குத் தேத்தண்ணி கொடுங்கள்.

ரிமோட்டைப் பற்றி யோசிக்காமல் போவது

கூரையில் தொங்கும் புரொஜெக்டரில் எச்டிஎம்ஐக்கு மாற்ற ரிமோட் வேண்டும். ரிமோட் அலுமாரியில் இருக்கும். அலுமாரிச் சாவி ஒருவரிடம் இருக்கும். பெரும்போக விதைப்புக் காலமென்றால் அவர் வயலில் இருப்பார். முதல்நாளே கோல் எடுத்துவிடுங்கள்.